விபத்தின்பின் பொலிசார் வசமாகும் சுடுகலன்

ஒருவருடைய பொருளை அவருடைய நன்மைக்காகவே அரசு எடுத்துவைக்கும் சந்தர்ப்பங்கள் சில உள. அப்பொருள் பணப்பையோ கைக்கடிகாரமோ ஆயின், மறுநாட் பொலிஸ் நிலையஞ் சென்று கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வழக்கு எழுதற்கு அங்கு இடமில்லை. அப்பொருள் சுடுகலனாயின் நிலைமை வேறாகின்றது. ஐக்கிய அமெரிக்காவில், அனுமதிப்பத்திரம் பெற்றுக் கைத்துப்பாக்கி தாங்கிச் செல்லும் ஒருவர் வீதி விபத்திற் சிக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றார் என்க. அவருடைய துப்பாக்கியைப் பொலிசார் பொறுப்பேற்கின்றனர். அவர்மேற் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. விபத்து அவருடைய தவறால் நேர்ந்ததாக இருத்தலும் வேண்டியதில்லை. ஆயினும், நலமுற்றுத் திரும்பியபின் தம் பொருளைத் தருமாறு அவர் கேட்கும்போது, நீதிமன்றக் கட்டளை கொண்டுவருமாறு கூறப்படுதல் உண்டு. பாதுகாப்பின்பொருட்டு எடுக்கப்பட்ட பொருள் எக்கணத்திலே தடுத்துவைக்கப்பட்ட பொருளாக மாறுகின்றது? இவ்வினாவுக்கு அந்நாட்டு நீதிமன்றங்கள் அளித்த விடைகள் ஒருபடித்தானவையல்ல.

இவ்வினாவின் முதன்மை விளங்கவேண்டுமாயின், சுடுகலன்பற்றி அந்நாட்டு அரசியல் யாப்பு கொண்டுள்ள தனிநோக்கு முதற்கண் அறியப்படவேண்டும். 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாந் திருத்தம் படைக்கலம் வைத்திருத்தலையும் தாங்குதலையும் மக்களின் உரிமையெனக் கூறுகின்றது. அது குடிப்படையைச் சார்ந்த உரிமையா, தனிமனிதனின் உரிமையா என்பது நெடுங்காலம் பேசப்பட்டுவந்தது. 2008இல் கொலம்பியா மாவட்டத்துக்கு எதிரான ஹெலர் வழக்கில், அது தனிமனிதன் உரிமையே என உயர் நீதிமன்றம் தீர்த்தது. வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி தாங்கிச் செல்லுதலும் அவ்வுரிமையுள் அடங்கும் என்பது 2022இல் நியூயோர்க் மாநிலத்துச் சட்டமொன்றைப் பற்றிய வழக்கில் முடிவாயிற்று. ஆகவே, ஆங்கு அனுமதிப்பத்திரம் என்பது அரசு மனமுவந்து வழங்கும் சலுகையன்று. உரிமையொன்றை ஒழுங்குபடுத்துங் கருவியேயாம். ஐம்பது மாநிலங்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் இன்று அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கி தாங்கிச் செல்லலாம். ஆயினும், மாநிலத்துக்கு மாநிலம் செல்லுபவர்க்கும் பொலிசாரை அடிக்கடி எதிர்ப்படுபவர்க்கும் அது பயனுடையதாதலின், இம்மாநிலங்கள் பலவற்றிலும் அனுமதிப்பத்திரம் பெறுவோர் உளர்.

அனுமதிப்பத்திரம் உடையார்மீது சில கடமைகளும் சுமத்தப்பட்டுள்ளன. மிச்சிகன் மாநிலத்திற் பொலிசார் ஒருவர் வாகனத்தை நிறுத்தியவுடனே, தம்மிடம் மறைத்துவைத்த கைத்துப்பாக்கி உண்டென அனுமதிப்பத்திரகாரர் தாமாகவே கூறவேண்டும். வேறு பல மாநிலங்களிற் கேட்டாற் கூறினாற் போதும். ரெக்சஸ் மாநிலத்துச் சட்டம் இதற்கு மேலும் ஒருபடி சென்று, எடுத்தலையும் கொடுத்தலையும் ஒருங்கே கூறுகின்றது. அனுமதிப்பத்திரகாரருக்கோ பொலிசாருக்கோ பிறருக்கோ பாதுகாப்பு வேண்டப்படுமென நியாயமாக நம்பின், பொலிசார் அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆயின், அவரால் ஆபத்தில்லை என்பதும், அவர் கைதுக்குரிய குற்றம் புரியவில்லை என்பதும் தெளிவாயின், அவரை அவ்விடத்திலிருந்து போகவிடுமுன் அதனைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். எடுப்பவரே, எடுத்த இடத்திலேயே, கொடுக்கவேண்டுமெனக் கட்டாயப்படுத்தும் இவ்விதி சட்ட இயற்றலுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஆனால், நினைவிழந்து அம்புலன்ஸ் வண்டியிற் கிடப்பவருக்கு ‘அவ்விடத்திலிருந்து போகவிடுதல்’ என்ற தொடர் பொருந்துவதன்று. சட்டம் இயற்றியோர் வீதியோரத்து உரையாடலையே மனத்திற் கொண்டனர், விபத்தை அன்று.

விபத்து நிகழ்ந்த இடத்திற் சுடுகலன் பொலிசார் கைக்கு வரும் வழிகள் பலவாம். காயமுற்றவரின் இடுப்பில் அதனைக் கண்ட அம்புலன்ஸ் பணியாளர் கழற்றிக் கொடுத்தல் ஒன்று. வைத்தியசாலைகள் ஆயுதத்தை உள்ளே விடுவதில்லை என்பதால் அவ்வாயிலில் ஒப்படைக்கப்படுதல் மற்றொன்று. சிதைந்த மோட்டார் வண்டி இழுத்துச் செல்லப்படுமுன் அதனுள் இருக்கும் பொருள்களைப் பட்டியலிடும்போது கையுறைப் பெட்டியிலோ ஆசனத்தின் அடியிலோ காணப்படுதல் பிறிதொன்று. கைக்கு வந்ததும் பொலிசார் தோட்டாக்களை அகற்றி, தொடரிலக்கத்தைக் குறித்து, களவுபோன சுடுகலன்களின் பட்டியலோடு ஒப்பிடுவர். 1967இலே தொடங்கப்பட்ட தேசியக் குற்றத் தகவல் நிலையத்தில் அதற்கெனத் தனிப் பதிவு உண்டு. இவையெல்லாம் சில நிமிடங்களில் முடிவன. இவற்றைக் குறைகூறுவார் மிகச் சிலரே. தோட்டாவிட்ட துப்பாக்கியை நெடுஞ்சாலை ஓரத்து உடைந்த வண்டியில் விட்டுச்செல்லும் பொலிசாரையே எவரும் குறைகூறுவர்.

இவ்வாறு எடுத்துவைத்தலுக்குச் சட்டத்தின் அடித்தளமாக அமைந்த வழக்கு விந்தையானது. ஏனெனின், அதிலே தேடப்பட்ட துப்பாக்கியின் சொந்தக்காரர் தாமும் ஒரு பொலிஸ் அலுவலர். 1969ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து இரவொன்றில், சிக்காகோ நகரப் பொலிஸ் அலுவலர் ஒருவர் விஸ்கொன்சின் மாநிலத்து நாட்டுப்புற வீதியில் வாடகை மோட்டார் வண்டியொன்றைச் செலுத்திச் சென்று பாலத்தின் கட்டுமானத்தில் மோதினார். அவ்வழியே வந்தவர் ஒருவர் அவரை அண்மையிலுள்ள ஊருக்கு ஏற்றிச் சென்றார். வந்த பொலிசார்க்கு அவர் குடிபோதையிலிருந்தமை புலனாயிற்று. தாம் சிக்காகோப் பொலிஸைச் சேர்ந்தவர் என அவர் கூறவே, அந்நகரப் பொலிசார் எந்நேரமும் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் வேண்டும் என்ற எண்ணமுடைய விஸ்கொன்சின் அலுவலர் அதனை அவர் உடம்பிலும் வண்டியின் முன்பகுதியிலும் தேடினர், கிடைத்திலது. வண்டி தனியார் கராஜ் ஒன்றுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, காவலின்றி வெளியே நிறுத்தப்பட்டது. அக்கராஜ் பொலிஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஏழு மைல் தொலைவிலிருந்தது. குடித்து வண்டி செலுத்தியமைக்காகக் கைதுசெய்யப்பட்ட சாரதி வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார்.

நள்ளிரவு கடந்து சில மணி நேரத்தின்பின் அலுவலர் ஒருவர் கராஜுக்குத் திரும்பிச் சென்றார். ஆளில்லா வண்டியிற் கிடக்கும் துப்பாக்கி பழக்கமற்றவர் கையிலோ தீயவர் கையிலோ அகப்படுதல் கூடாது என்பதே அவர் பின்னர்க் கூறிய காரணம். தேடுதலாணை எதுவுமின்றி வண்டியின் பின்பெட்டியைத் திறந்தார். துப்பாக்கி அங்கு இல்லை. இரத்தக்கறை படிந்த துணிகளும் பிற பொருள்களும் இருந்தன. அவற்றின் வழியே கொலையொன்று வெளிப்பட்டது; சாரதி கொலைக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். அச்சோதனை நான்காந் திருத்தத்தை மீறியதா என்ற வினா 1973இல் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. கேடி எதிர் டொம்பிரோவ்ஸ்கி என வழங்கும் அவ்வழக்கில், ஐவர் ஒருபாலும் நால்வர் ஒருபாலுமாகப் பிரிந்து நின்ற நீதிமன்றம், மீறவில்லை எனத் தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதியரசர் றென்குவிஸ்ற் எழுதினார்.

அத்தீர்ப்பின் உட்கிடை இதுவாகும். பொலிசார் குற்றங்களைத் துப்பறிவோர் மாத்திரமல்லர். மோட்டார் வண்டி பெருகிய நாட்டில் விபத்து நேருமிடமெல்லாம் அவர்கள் செல்லவேண்டியுளது. பழுதுற்ற வண்டிகளை அகற்றுதல், காயமுற்றோர்க்கு உதவுதல், ஆபத்தான பொருள்களைக் காத்தல் ஆகியன குற்றப் புலனாய்வோடும் சான்று தேடலோடும் தொடர்பற்ற சமூகக் காப்புப் பணிகள். அப்பணியைச் செய்யும்போது நியாயமான முறையில் நடந்துகொண்டால், முன்னதாகத் தேடுதலாணை பெறவேண்டியதில்லை. நீதியரசர் பிறெனன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், ஆணையின்றிச் செய்த இச்சோதனை ஏற்புடைய விதிவிலக்கு எதிலும் அடங்காது எனக் கூறப்பட்டது. இங்கு நோக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. சான்று தேடலோடு தொடர்பற்றது என வரையறுக்கப்பட்ட கொள்கை, கொலைவழக்கொன்றுக்குச் சான்று அளித்த சோதனையைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்தது. கொள்கை பிறந்த வழக்கிலேயே அதன் எல்லை இத்துணை மங்கலாகக் காணப்பட்டமை பின்வந்த இடர்ப்பாடுகளுக்கு முன்னறிவித்தல் போலும்.

பின்னர் வந்த வழக்குகள் பொருட்பட்டியல் முறையை வலியுறுத்தின. தென் டகோட்டா மாநிலத்து வழக்கொன்றில் 1976இல் உயர் நீதிமன்றம், பொலிசார் காவலுக்கு வரும் வண்டியின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடுதற்கு மூன்று காரணங்களைக் காட்டிற்று: சொந்தக்காரரின் பொருளைக் காத்தல், பொருள் காணாமற்போயிற்றென வரும் முறைப்பாட்டிலிருந்து பொலிசாரைக் காத்தல், ஆபத்திலிருந்து அவர்களைக் காத்தல். கொலராடோ வழக்கில் 1987இலும் இது உறுதியாயிற்று. 1990இல் வந்த புளோரிடா வழக்கு இதற்கு ஒரு கடிவாளம் இட்டது. நிலையான ஒழுங்குவிதி எதுவுமின்றி, அலுவலர் தம் விருப்பப்படி பூட்டிய பெட்டிகளைத் திறத்தல் கூடாது என்பது அதன் முடிபு. ஆகவே, எடுத்தலைப் பொறுத்தவரையிற் சட்டம் பெரிதும் தெளிவுபெற்றுள்ளது. விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து சுடுகலனை எடுத்து வைத்தல் பெரும்பாலும் முறையானதே.

கேடி வழக்கின் கொள்கை வண்டியைக் கடந்து வீட்டினுள் நுழைய முயன்றபோது தடுக்கப்பட்டது. றோட் ஐலண்ட் மாநிலத்துக் கிறான்ஸ்ரன் நகரில் 2015இல், கணவன் மனைவி பிணக்கொன்றின்போது கணவர் துப்பாக்கியை மேசைமேல் வைத்துத் தம்மைச் சுட்டுவிடுமாறு மனைவியிடம் கூறினார். மறுநாட் பொலிசார் வந்தனர். துப்பாக்கிகளை எடுக்கமாட்டார்கள் என்ற உறுதியின்மேல் அவர் உளநலப் பரிசோதனைக்காக வைத்தியசாலை செல்ல உடன்பட்டார். அவர் சென்றதும் பொலிசார் வீட்டினுட் புகுந்து இரு கைத்துப்பாக்கிகளை எடுத்துச் சென்றனர். சமூகக் காப்புப் பணி என இதற்குக் காரணங் கூறப்பட்டது. 2021இல் உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் அனைவரும் ஒருமித்து அதனை மறுத்தனர். நீதியரசர் தோமஸ் எழுதிய அச்சிறு தீர்ப்பு, வீதியில் நின்ற வண்டிக்கும் வீட்டுக்கும் உள்ள வேற்றுமையையே அடித்தளமாகக் கொண்டது. வண்டியைப் பற்றிய பழைய விதி அதனால் மாற்றமுறவில்லை.

இதுகாறும் கூறியன எடுத்தலைப் பற்றியன. திருப்பிக் கொடுத்தலைப் பற்றி நோக்குமிடத்து, வாயில் அகலமாகவும் வெளியேறும் வழி ஒடுக்கமாகவும் அமைந்த கட்டடமொன்றினுள் நுழைந்தாற் போன்ற உணர்ச்சி உண்டாகின்றது.

பொலிஸ் நிலையத்துப் பொருளறைக்கு வரும் பொருள்கள் பொதுவாக மூன்று பெயர்களுள் ஒன்றைப் பெறுகின்றன: சான்றுப்பொருள், காவற்பொருள், கண்டெடுத்த பொருள். பற்றுச்சீட்டில் எழுதப்படும் இச்சொல்லே அதன் பிற்கால வரலாற்றை நிருணயிக்கின்றது. காவற்பொருள் எனக் குறிக்கப்பட்டது சொந்தக்காரர் கேட்கும்போது கொடுக்கப்படவேண்டியது. சான்றுப்பொருள் எனக் குறிக்கப்பட்டதோ வழக்கு முடியும்வரை, சிலவேளை மேன்முறையீட்டுக் காலம் முடியும்வரை, வைக்கப்படும். சாரதி மது அருந்தியிருந்தார் என்ற ஐயம் எழின், காவற்பொருள் சான்றுப்பொருளாதற்கு ஒரு சொல்லை மாற்றினாற் போதும். ஏனெனிற் போதையோடு துப்பாக்கி தாங்குதல் பல மாநிலங்களிலே தனிக் குற்றமாகும். இரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வுகூடத்திலிருந்து வந்து, அவர் குற்றமற்றவர் எனத் தெரிந்த பின்னரும் அச்சொல்லைத் திருத்துவார் யார்? அதற்கெனப் பொறுப்பாளர் இல்லாத நிலையங்களிற் பொருள் இறாக்கையில் இருந்தபடி இருக்கும்.

பொலிசாரின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. கூட்டாட்சிச் சட்டம் சில வகையினர் சுடுகலன் வைத்திருத்தலைத் தடைசெய்கின்றது. ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றத்துக்குத் தீர்க்கப்பட்டோர், சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துவோர், நீதிமன்றத்தால் உளநலமற்றவர் எனத் தீர்க்கப்பட்டோர், குடும்ப வன்முறைக் குற்றவாளிகள் முதலாயினோர் அவ்வகையினர். தடைக்குட்பட்டவர் என அறிந்தும் ஒருவருக்குச் சுடுகலனைக் கொடுப்பதும் குற்றமாகும். விபத்து நாளில் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்த ஒருவர், சில மாதங்களின்பின் பொருளைக் கேட்க வரும்போது தடைக்குட்பட்டவராகியிருத்தல் கூடும். திருப்பிக் கொடுத்த துப்பாக்கியால் மறுவாரம் ஓர் உயிர் மாயின், கொடுத்த அலுவலரின் பெயரே நாளிதழ்களில் வரும். கொடாது வைத்திருந்தமைக்காக எவர் பெயரும் வருவதில்லை. ஆகவே, ஐயம் எழும்போதெல்லாம் கொடாமையே பாதுகாப்பானதென அலுவலர் கருதுவது இயல்பு. ஆயின் இயல்பானது யாவும் முறையானது ஆகிவிடாது. தடையுண்டா என்பதை ஆராய்தற்குச் சில நாட்கள் போதும். காலவரையறையின்றி வைத்திருத்தலுக்கு அது காரணமாகாது.

சொந்தக்காரர் நீதிமன்றஞ் சென்றால் முதலில் எதிர்ப்படுவது சொல்லாராய்ச்சி போன்ற ஒரு வினா. நான்காந் திருத்தம் நியாயமற்ற கைப்பற்றலைத் தடுக்கின்றது. கைப்பற்றல் என்பது ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயலா, பொருள் திரும்பும்வரை தொடரும் நிலையா? ஏழாஞ் சுற்றுக்குரிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003இற் சிக்காகோவிலிருந்து வந்த வழக்கொன்றில் முன்னதையே கொண்டது. அவ்வழக்காளி குற்றம் புரிந்தவரல்லர். துப்பாக்கிச் சூட்டுக்குத் தாமே இலக்கானவர். அவருடைய மோட்டார் வண்டி சான்றுக்காக எடுக்கப்பட்டது. தேவை முடிந்தபின், இழுத்துச் சென்ற கூலியும் தரிப்புக் கட்டணமும் செலுத்தினாலன்றி அதனைத் தரமுடியாது என நகர நிருவாகம் கூறிற்று. முறையாக எடுக்கப்பட்டபின் நெடுநாள் வைத்திருத்தல் நான்காந் திருத்தத்தின்பாற் படாது என நீதிமன்றம் தீர்த்தது. இம்முடிபு ஏனைச் சில மேன்முறையீட்டு நீதிமன்றங்களாலும் ஏற்கப்பட்டது.

2024 ஓகஸ்ற் மாதத்தில் வாஷிங்ரன் தலைநகர்க்குரிய மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு மாறாகத் தீர்த்தது. ஆர்ப்பாட்டமொன்றிற் கைதாகி, வழக்கு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டோரின் கைத்தொலைபேசிகளைப் பொலிசார் பல மாதங்கள் வைத்திருந்தமை அங்கு ஆராயப்பட்டது. எடுக்கும்போது நியாயமாயிருந்த காரணம் அற்றுப்போனபின் வைத்திருத்தலும் நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தொலைபேசியைப் பற்றிய வழக்காயினும், அதன் நியாயம் விபத்திற்குப்பின் எடுத்த சுடுகலனுக்கும் பொருந்தும். இவ்விரு கருத்துக்களுள் பின்னதே வலியுடையது எனல் வேண்டும். ஒருவரைக் கைதுசெய்தல் முறையானது என்பதனால் அவரை என்றும் சிறையில் வைத்திருத்தல் முறையாகிவிடாது. பொருளுக்கு மட்டும் வேறு தர்க்கம் வேண்டுவார் அதற்குக் காரணங் காட்டல் வேண்டும். பழைய தீர்ப்பு காட்டும் காரணம் ‘கைப்பற்றல்’ என்ற சொல்லின் அகராதிப் பொருளுக்கு மேற் செல்லவில்லை.

நான்காந் திருத்தம் கைவிட்ட இடத்திற் பதினான்காந் திருத்தம் உதவக் கூடும். 1868இல் ஏற்கப்பட்ட அது, முறையான சட்ட நடைமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் மாநிலங்கள் பறித்தலாகாது என்கின்றது. எவ்வளவு நடைமுறை போதுமானது என்பதனைத் தீர்மானித்தற்கு 1976இல் உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோல் வகுத்தது. தனியாளின் நலன், தவறாகப் பறிக்கப்படும் அபாயம், அரசின் தேவை ஆகிய மூன்றும் சீர்தூக்கப்படும். எனினும் 1999இற் கலிபோர்ணியாவிலுள்ள மேற்குக் கோவினா நகரைப் பற்றிய தீர்ப்பு இவ்வழியைச் சிறிது குறுக்கிற்று. பொருளை எடுத்தமையைப் பொலிசார் சொந்தக்காரர்க்கு அறிவிக்கவேண்டும். ஆயின், அதனை மீட்கும் முறை அச்சிட்ட சட்டநூல்களிற் காணக் கிடைப்பின், அம்முறையை விளக்கிச் சொல்லும் கடமை அவர்க்கு இல்லை. சட்டத்தரணிகட்கு இது எளிதாகத் தோன்றலாம். காலெலும்பு முறிந்து படுக்கையிற் கிடப்பவர் தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டி உரிய பிரிவைக் கண்டுகொள்வார் என எதிர்பார்த்தல் மிகையே.

அச்சிட்ட முறையே இல்லாத இடத்தில் நிலைமை வேறு. மிசூரி மாநிலத்து வெல்ஸ்ரன் என்னும் சிறு நகரிற் கைதுசெய்யப்பட்ட ஒருவரிடமிருந்து கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் எடுக்கப்பட்டன. எடுத்தமை முறையானதே. வைத்திருத்தற்கான காரணம் நீங்கிய பின்னரும், நீதிமன்றக் கட்டளையின்றித் தரமுடியாது எனப் பொலிஸ் தலைவர் மறுத்தார். 2011இல் எட்டாஞ் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்வாறு மறுத்தல் முறையான நடைமுறையை மீறுவதாகும் எனத் தீர்த்தது. எடுத்தவர் அரசு, ஆகவே மீட்கும் வழியை அமைக்கும் பொறுப்பும் அரசினதே, சொந்தச் செலவில் வழக்கிட்டுப் பெற்றுக்கொள்க எனச் சொந்தக்காரர்மேற் சுமையை ஏற்றுதல் அமையாது என்பது அதன் பயன். அத்தீர்ப்பின் மறுபாதி அத்துணை மனநிறைவு தருவதன்று. இரண்டாந் திருத்தத்தின் அடிப்படையில் அவர் எழுப்பிய வாதம் மறுக்கப்பட்டது. ஒரு துப்பாக்கியை இழந்தவர் வேறொன்றை வாங்குதல் தடைசெய்யப்படவில்லையாதலால், படைக்கலம் தாங்கும் உரிமை மீறப்படவில்லை என நீதிமன்றம் கூறிற்று. ஒருவருடைய நூலைப் பறித்தபின், கடையில் வேறு பிரதிகள் உள எனக் கூறுதல் போன்றது இது.

நியூயோர்க் மாநிலத்து நாசோ மாவட்டத்தைப் பற்றிய வழக்குகள் இன்னும் ஒரு படி முன்னேறின. எடுக்கப்பட்ட நீள்துப்பாக்கிகளைப் பற்றிச் சொந்தக்காரர்க்கு விரைவில் ஒரு விசாரணை வழங்கப்படவேண்டும் எனக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2011இல் தீர்த்தது. குடும்ப நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளையொன்றின்கீழ் எடுக்கப்பட்டு, அக்கட்டளை முடிந்த பின்னரும் திருப்பிக் கொடுக்கப்படாத துப்பாக்கிகளைப் பற்றி 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வழியே சென்றது. வழக்கிட வேண்டியவர் யார் என்பதே இவற்றில் மாறியது. முன்னர்த் தம் பொருள் தமக்கு வேண்டும் எனச் சொந்தக்காரர் வாதிடவேண்டியிருந்தது. இப்பொழுது, அதனை ஏன் வைத்திருக்கவேண்டும் என நிருவாகம் விடைகூற வேண்டியதாயிற்று. வழக்கியலிலே வாதச்சுமையின் இடமாற்றம் சில வேளைகளில் உரிமையின் மாற்றத்திலும் பெரிதாகும்.

மாநிலச் சட்டங்கள் பல திறத்தன. கலிபோர்ணியாவிற் பொலிசார் வசமுள்ள சுடுகலனை மீட்க விரும்புபவர், அது எக்காரணத்தால் எடுக்கப்பட்டதாயினும், மாநில நீதித் திணைக்களத்துக்குக் கட்டணத்தோடு விண்ணப்பித்து, தாம் தடைக்குட்பட்டவர் அல்லர் என்ற அறிவித்தலைப் பெறவேண்டும். அவ்வறிவித்தல் முப்பது நாட்களுக்கே செல்லும். அதற்குள் அதனைக் கொண்டுசென்று துப்பாக்கியைப் பெறாவிடின் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். மீட்கலாம் எனப் பொலிசார் அறிவித்து 180 நாட்களுக்குள் எவரும் கேளாத சுடுகலன் அழிக்கப்படலாம். கடுமையான முறையேயெனினும், இதில் ஒரு நன்மை உண்டு: செல்லும் வழி எது என்பதும், எத்தனை நாளில் என்பதும் எழுதப்பட்டுள்ளன. மசச்சூசெற்ஸில் வேறொரு வகைச் சிக்கல் தோன்றிற்று. அனுமதிப்பத்திரம் நிறுத்தப்பட்டோரின் துப்பாக்கிகளைப் பொலிசார் தனியார் பண்டசாலைகளுக்கு மாற்றலாம் என அம்மாநிலச் சட்டம் இடங்கொடுக்கின்றது. அங்கு நாட்கூலி ஏறுகின்றது. செலுத்தாவிடின் துப்பாக்கி ஏலத்தில் விற்கப்படும். இதனை எதிர்த்து வந்த வழக்கில், பண்டசாலைக்காரர் தனியாரேயன்றி அரசின் கரம் அல்லர் எனக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்த்தது. விபத்தையொட்டிச் சாரதிமேற் குற்றச்சாட்டு எழுந்து, அதனால் அனுமதிப்பத்திரம் நிறுத்தப்படின், பொலிஸ் நிலையத்து இறாக்கையில் இருந்த துப்பாக்கி இவ்வழியே பண்டசாலைக்குச் செல்லுதல் கூடும். பின்னர் அவர் குற்றமற்றவர் எனக் காணப்பட்டாலும் கூலிக்கணக்கு அழிவதில்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். இந்நாட்களில் அமெரிக்காவிற் சாதாரணக் கைத்துப்பாக்கியொன்றின் விலை சில நூறு டொலர்கள். பொருள் மீட்கும் வழக்கொன்றைத் தொடுப்பதற்குச் சட்டத்தரணி கேட்கும் கூலி பெரும்பாலும் அதனை விஞ்சும். இக்கணக்கை அறிந்த சொந்தக்காரர் பலர் வழக்கிடுவதில்லை. வழக்கிடாமையால் தீர்ப்புகள் அரிதாகின்றன. தீர்ப்புகள் அரிதாகையால் நிலையங்களின் வழக்கம் மாறுவதில்லை. வெல்ஸ்ரன் நகரத்தவர் ஒற்றைத் துப்பாக்கிக்காக மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றமை அதனாலேயே குறிப்பிடத்தக்கதாகின்றது. பெரும்பான்மையோர்க்கு வழக்கு முடிவது பொலிஸ் நிலையத்துப் பலகணியிலேயாம்: பற்றுச்சீட்டை நீட்டுவர், அதில் எழுதிய சொல்லை அலுவலர் வாசிப்பார், சான்றுப்பொருள் என்றிருப்பின் ஏடு மூடப்படும். ஆதலால், இத்துறை அறிந்த சட்டத்தரணிகள் முதலில் வேண்டுவது நீதிமன்றத் தீர்ப்பையன்று. விபத்து நடந்த அன்றே, தொடரிலக்கமும் எடுத்த காரணமும் எழுதிய பற்றுச்சீட்டொன்றையே. வைத்தியசாலையிற் கிடப்பவர்க்காக அவருடைய மனைவியோ மகனோ அதனைக் கேட்டு வாங்கியிருப்பின், பின்னர் நிகழும் வாதத்திற் பாதி அக்கடதாசித் துண்டினாலேயே முடிந்துவிடும்.